சான்றிதழுக்கு ஒரு பாம்பு

பூங்காவனத்தின் மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அன்று மாலைக்குள் பழங்குடிச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் அது போய்விடும். அதற்காகத்தான் அவள் கோட்டாட்சியர் பஞ்சாட்சரத்தின் முன்னால் நின்றாள்.

அவர் மேலும் கீழும் பார்த்தார். "செருப்பு போட்டிருக்கே, தலை வாரியிருக்கே. நீ எப்படி இருளர்? ஒரு பாம்பைப் பிடிச்சுக் காட்டு, கையெழுத்துப் போடறேன்."

பூங்காவனம் மூக்கை உறிஞ்சினாள். "சார், இங்க அவிச்ச உருளைக்கிழங்கு வாசம் வருதே."

அந்த வாசம் வந்தால் பக்கத்தில் பாம்பு இருக்கும் என்று பஞ்சாட்சரத்துக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருந்தார்கள். ஒரே தாவில் மேசைமேல் ஏறிவிட்டார்.

"பிடி! பிடிச்சுத் தொலை!"

"நான்தான் இருளர் இல்லையே சார். பாம்பு பிடிக்க அரசாங்கம் இருளருக்குத்தானே அனுமதி குடுத்திருக்கு, மத்தவங்க கை வைக்கலாமா?"

மேசைமேல் குந்தியபடியே கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். சான்றிதழை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்ட பூங்காவனம், மேசைக்கடியில் குனிந்து அவருடைய டிபன் கேரியரை எடுத்துத் திறந்தாள். உருளைக்கிழங்கு மசியல்.

"பாம்பு எங்கே?"

"பாம்புன்னு நான் சொல்லவே இல்லையே சார். உருளைக்கிழங்கு வாசம் வந்தா பாம்புன்னு ஊர்க்காரங்கதான் நம்புவாங்க. இருளர் ஒருத்தரும் நம்ப மாட்டோம்."