கார் அடியில இன்னொரு சுத்தியல்

ஒரு ஊர்ல ஒரு வெள்ளைக் காரு இருந்துச்சாம். வெள்ளைன்னா பேருக்குத்தான். தேரிக்காட்டுச் செம்மண்ணு ஏறி ஏறி அது கருவாட்டு நிறத்துக்கு வந்துட்டு. காலை ஆட்டாம படு. ம் கொட்டினாத்தான் சொல்லுவேன்.

ம்.

அது முத்துக்கனியோட காரு. அவளே ஓட்டுவா, கெட்டுப்போனா அவளே கழட்டி மாட்டுவா. அவ தங்கச்சி செல்லக்கிளிக்கு நெறமாசம். ஆஸ்பத்திரி ரொம்ப தூரம். காரு ஓடினாத்தான் தாயும் பிள்ளையும் பிழைக்கும். அந்த நேரம் பார்த்து முன்சக்கரம் லொடலொடன்னு ஆடுது. பால் ஜாயிண்ட் தேஞ்சிட்டு. அது என்னன்னா, உன் தோள்ல எலும்பு உருண்டையா உக்காந்திருக்குல்ல, அது மாதிரி சக்கரத்துக்கும் ஒரு மூட்டு. பழசைப் பிரிச்சாத்தான் புதுசை மாட்ட முடியும்.

அப்புறம் என்ன செஞ்சா, வண்டியை ஜாக்கி வச்சுத் தூக்கி, பனங்கட்டையை அண்டக் குடுத்து, சக்கரத்தைக் கழட்டினா. நட்டை மட்டும் முழுசா எடுக்காம நுனியில விட்டு வச்சா. இல்லேன்னா மூட்டு தெறிச்சு மூஞ்சியில விழும். ஆனா துரு புடிச்ச மூட்டு அசைவேனான்னு கிடக்கு. ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் இருந்து ஒரே நேரத்துல சுத்தியலால அடிச்சா விட்டுக்குடுக்கும். இவ புருசன் கேரளாவுல வேலைக்குப் போயிட்டான். ஊரு சனமெல்லாம் பக்கத்தூர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிட்டு. ஒத்தையில என்ன செய்வா பாவம்?

ம்.

நல்ல உச்சி வெயிலு. காக்கா சத்தம்கூட இல்லை. அப்போ, "முத்துக்கனீ..."ன்னு ஒரு குரல். இவ சுத்தியலைத் தேடிக்கிட்டே, "என்னட்டி?"ன்னுட்டா.

உச்சி நேரத்துல யாரு கூப்பிட்டாலும் மூணாந்தடவைதான் ஏன்னு கேக்கணும். மனுசங்கதான் மூணு தடவை கூப்பிடுவாங்க, மத்தது கூப்பிடாது. கூறுகெட்டவ, முதல் தடவையே கேட்டுட்டா!

"யக்கா, நான் கூப்பிடலையே"ன்னு செல்லக்கிளி வீட்டுக்குள்ள இருந்து சொல்றா.

முத்துக்கனி சுத்துமுத்தும் பார்த்தா, யாரும் இல்லை. ஆனாலும் விடுவாளா? சுத்தியலை ஓங்கி ஒரு போடு போட்டா. டொங்! மூட்டு அசையலை. அப்போ அந்தப் பக்கத்துல இருந்தும் ஒரு சத்தம், டொங்! குனிஞ்சு பார்த்தா வெறும் மண்ணு. கால்தடம்கூட இல்லை.

அப்புறம் கடப்பாரையைச் சொருகி நெம்பினா. கிர்ர்ர்... மேல ஏறி உக்காந்தும் நெம்பினா. ம்ஹூம். காருக்கு அடியில யாரோ கிக்கிக்கின்னு சிரிக்காங்க.

அப்போ உள்ளேயிருந்து, "யக்கா! வலி வந்துட்டு!"

முத்துக்கனி அழுதே போயிட்டா. அப்போ அந்தக் குரல் கேக்குது, "நான் அந்தப் பக்கம் இருந்து அடிக்கட்டா?"

"யாரு நீ?"

"கூப்பிட்ட உடனே ஏன்னு கேட்டியே, அவதான்."

"அடிச்சா என்ன கேப்ப?"

"பிறக்கப்போற பிள்ளையை ஒரே ஒரு தடவை பேரு சொல்லிக் கூப்பிடணும். அம்புட்டுதான்."

அம்புட்டுதானாம்! அது கூப்பிட்டா பச்சைப்பிள்ளை பின்னாலயே போயிரும், திரும்பியே வராது. முத்துக்கனிக்குத் தெரியாதா? தெரியும். ஆனா பிள்ளை முதல்ல உசுரோட பிறக்கணுமே! யோசிச்சா. "சரி, பேரு உன் காதுல விழுந்தா கூப்பிட்டுக்க"ன்னா.

இவ இந்தப் பக்கம் டொங்! அதே நேரம் அந்தப் பக்கம் டொங்! மூணாவது அடிக்கு, டப்! மூட்டு விட்டுட்டு. தூங்கிட்டியா?

ம்...

புதுசை மாட்டி, சக்கரத்தை ஏத்தி, சர்ர்ர்ருன்னு போனாங்க. பின்சீட்டுல செல்லக்கிளி ஒருத்திதான் படுத்திருந்தா. ஆனா ரெண்டு பேரு ஏறின மாதிரி வண்டி பின்னால அமுங்கிக் கிடந்துச்சு.

பொட்டப்பிள்ளை பிறந்துச்சு, நல்ல சுகமா. பேரு வைக்கிற அன்னைக்கு முத்துக்கனி பிள்ளையோட காதுல வாயை வச்சு மூணு தடவை பேரைச் சொன்னா. அந்தப் பிஞ்சுக் காதைத் தவிர எதுக்கும் கேக்கலை. பெத்தவளுக்குக்கூடச் சொல்லலை.

"என் பிள்ளை பேரு எனக்கே தெரியக் கூடாதா யக்கா?"ன்னு அழுதா செல்லக்கிளி.

"தெரிஞ்சா நீ ஆசையா கூப்பிட்டிருவட்டி."

பெத்தவளுக்கு எம்புட்டு வேதனை பாரு. அதுல இருந்து எல்லாரும் பாப்பா பாப்பான்னுதான் கூப்பிட்டாங்க. வேற பேரே வாயில வரலை. அதுவும் விடலை. வீடு வீடா, ஜன்னல் ஜன்னலா ஒட்டுக் கேட்டுக்கிட்டு அலையுது.

அந்தப் பிள்ளை பேரு என்ன அத்தை?

எனக்குத் தெரியாது கண்ணு. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். அது கேட்டுச்சுன்னா...

இரு. நீ எப்பவோ தூங்கிட்டியே. வாயைத் திறந்து குறட்டை விடுற. அப்போ இப்பக் கேட்டது யாரு?

ஜன்னலைச் சாத்திட்டேன். கதை காரேறிப் போயிட்டு. யாரு கூப்பிட்டாலும் எந்திரிக்காத, தூங்கு.