வண்டித் தடத்து மீன்

மழை பொய்த்த ஆண்டு. சீனத்தின் வடமலைச் சிற்றூர் ஒன்றில் கிணறு வற்றிப்போய், ஊரே மூட்டை கட்டிவிட்டது. நடக்க முடியாத கிழங்களை என்ன செய்வது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. மலை மடத்துக் குரு ஹுவாய் தம் வயதையும் பார்க்காமல் கிணற்றுக்குள் இறங்கித் தோண்டத் தொடங்கினார்.

மேலே கயிறு இழுக்க இரண்டு பேர். ஒருவன் குயவன் தாவோ. மற்றவன் குருவின் சீடன் ஷென். அரசுத் தேர்வுக்கெல்லாம் படித்தவன். கை வேலை செய்தாலும் வாய் சும்மா இருக்காது.

கூடையில் மேலே வரும் மண்ணில் கை விட்டுப் பார்த்த பிறகே கொட்டவேண்டும். ஊற்று கிட்டே இருந்தால் ஈரம் விரலுக்குத் தெரிந்துவிடும். ஷென் பார்க்காமலே கொட்டினான்.

"வண்டித் தடத்து மீன்," என்றான்.

"அப்படியென்றால்?" என்று கேட்டான் தாவோ.

"சக்கரத் தடத்தில் தேங்கிய தண்ணீரில் மாட்டிய மீன். வெயில் ஏறினால் அதன் கதி அவ்வளவுதான். நம் நிலைமைக்கு முன்னோர் வைத்த பெயர்."

அடுத்த கூடைக்கு, "மலையும் முடிந்தது, ஆறும் முடிந்தது." அதற்கடுத்த கூடைக்கு, "எண்ணெய் தீர்ந்த விளக்கு."

தாவோ கயிற்றைக் கீழே போட்டான். மூட்டையைத் தோளில் ஏற்றினான்.

"எங்கே போகிறாய்?"

"படித்தவர் நீங்களே எல்லாம் முடிந்தது என்கிறீர்கள். இனி எனக்கென்ன வேலை?"

ஷென்னால் ஒற்றை ஆளாக மண்ணையும் இழுக்க முடியாது, குருவையும் மேலே ஏற்ற முடியாது.

"குருவே, தாவோ போகிறான்!" என்று கிணற்றுக்குள் கத்தினான். "கேடுகாலத்துக்கு இத்தனை சொல் தெரிகிறது. அவனை நிறுத்த ஒரு சொல் வரமாட்டேன் என்கிறதே!"

கடப்பாரைச் சத்தம் நின்றது.

"அந்த மீன் கதையை உனக்கு யார் சொன்னது?"

"என் தாத்தா."

"அவருக்கு?"

"அவருடைய தாத்தா சொல்லியிருப்பார்."

"எல்லாருக்கும் முதலில் சொன்னவன்?"

"அப்படியொரு வறட்சியில் மாட்டிக்கொண்டவன்."

"அந்த வறட்சியில் அவன் செத்தானா?"

"இல்லை. பிழைத்ததால்தானே கதையைச் சொன்னான்," என்றான் ஷென்.

பத்தடி போயிருந்த தாவோ நின்றான். திரும்பி வந்து மூட்டையை இறக்கிவைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தான்.

"கடைசி மண்ணைத் தொட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டார் ஹுவாய்.

ஷென் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டான்.

"காய்ந்துதான் இருக்கிறது, குருவே."

"தெரியும். கூடையை இறக்கு."