முதல் இலை

பத்தியின் முதல் வரியைச் சற்று உள்ளே தள்ளித் தொடங்குவது காகிதத்தை வீணாக்கும் பழக்கம் என்று உலகில் பலர் நம்புகிறார்கள். அது பெரும்பிழை. ஒருமுறை அதனால் ஐம்பது பேருக்குச் சாம்பார் கிடைக்காமல் போக இருந்தது.

அம்பலவாணர் அப்படி நம்பியவர். அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, நாச்சியம்மையின் மடத்துக்கு வந்தார். அம்மையின் அருளுரைகளை ஓரத்திலிருந்து ஓரம்வரை, இடைவெளி விடாமல் எழுதினார். குருபூசையன்று அவை சபையில் வாசிக்கப்பட வேண்டும். அவருடைய ஆசை அது ஒன்றுதான்.

குருபூசை நாள் காலையிலேயே அம்மையிடம் போய் நின்றார்.

"அம்மா, கோமதிநாயகம் படிக்க மாட்டேன் என்கிறான்."

"ஏனாம்?"

கோமதிநாயகம் அங்கேதான் காய் நறுக்கிக்கொண்டிருந்தான். மடத்தில் வாசிப்பவனும் பரிமாறுபவனும் அவன்தான்.

"உள்ளே நுழையவே முடியலீங்க அம்மா. சுவர் மாதிரி எழுதி வச்சிருக்கார்."

"ஒரு விரற்கடை வீணாக்கவில்லை," என்றார் அம்பலவாணர் பெருமையாக.

அம்மை சிரித்தார்.

"ஐயா, இன்றைக்குப் பந்தியில் இலை போடும் வேலை உங்களுக்கு. நீங்கள் எழுதுவது போலவே போடுங்கள்."

அவர் மகிழ்ந்து போனார். எதிரெதிராக இரண்டு வரிசை. முதல் இலையை வாசலை மறித்து, படியை ஒட்டியே போட்டார். வழக்கத்தைவிட இரண்டு பேர் கூடுதலாக உட்கார்ந்தார்கள். முதல் இலையில் அம்மை. அதே வரிசையின் கடைசியில், சுவரோரம், அம்பலவாணர்.

சோறு முன்பே வைத்தாயிற்று. கோமதிநாயகம் சாம்பார் வாளியோடு வாசலில் நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"என்னப்பா, வா!" என்று கத்தினார் அம்பலவாணர்.

"எங்கே கால் வைக்க? அம்மா இலையிலயா?"

"தாண்டி வா!"

"நீங்க வந்து தாண்டுங்க ஐயா, பார்ப்போம்."

பந்தி சிரித்தது. சோறு ஆறியது. அம்மை கண்மூடி அமர்ந்திருந்தார்.

"அம்மா, பசிக்கிறது," என்றார் அம்பலவாணர், குரல் இறங்கி.

அம்மை கண் திறந்தார். தம் இலையைப் பிடித்து ஒரு முழம் உள்ளே இழுத்து நகர்ந்தார். வரிசை முழுவதும் இடித்துக்கொண்டு நகர்ந்தது. அம்பலவாணர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

கோமதிநாயகம் உள்ளே வந்தான்.

சாம்பார் கடைசி இலைவரை வந்தது. அம்பலவாணர் அதைக் கவனிக்கவில்லை. வாசலோரம் வெறுமையாய்க் கிடந்த அந்த ஒரு முழத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வாசிப்பு இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. மடத்தில் காகிதம் நாலு தாள் அதிகம் செலவாகியிருந்தது.