விரதம் காக்கும் முதலைகள்

முதலை ஊனுண்ணி என்று பாடநூல்கள் ஒரே குரலில் சொல்கின்றன. பிழை. அடுத்த பதிப்பிலாவது திருத்திவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆதாரம், காவிரிக்கரை முட்டிப்பாறையில் பரிசல் ஓட்டும் சென்றாயன்.

அக்கரைப் பாறையில் நீர்நாய்கள் குட்டிகளோடு வெயில் காய்வதைப் பார்க்க எனக்கு ஆசை. என் மனைவி குமுதவல்லியோ, ‘முதலைகள் உள்ளன’ என்ற பலகையைப் படித்துவிட்டுப் பரிசலில் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டாள். அவளை விட்டுவிட்டு நான் மட்டும் போவது எங்கள் வீட்டு இலக்கணத்தில் இல்லை.

“பயப்படாதீங்கம்மா,” என்றார் சென்றாயன். “எங்க முதலைங்க பெருமாள் பக்தருங்க. புரட்டாசி பொறந்துட்டா மீனைக்கூட ஏறெடுத்துப் பாக்காதுங்க.”

“அப்போ எதைத்தான் தின்னும்?”

“பாசி, தாமரைத் தண்டு. சனிக்கிழமையானா கரையேறி, வரிசையா வாயைத் திறந்துக்கிட்டுப் படுத்துக்கும். ஆளுக்கொரு உருண்டை புளியோதரை போடணும்.”

“முதலை வாயைத் திறப்பது உடம்புச் சூட்டைத் தணிக்க,” என்றேன். படித்ததை மறைக்க எனக்குத் தெரியாது.

“அது சாதா முதலை சார். நம்மது கோவிந்தா போடத் திறக்குது.”

குமுதவல்லி சிரித்துவிட்டாள். அது போதுமே அவருக்கு.

“போன வருசம் ஒரு ஆட்டுக்குட்டி ஆத்துல விழுந்துடுச்சும்மா. கிழட்டு முதலை ஒண்ணு அதை முதுகுல ஏத்திக் கரை சேத்துட்டு, கறி வாசனை பட்டுடுச்சேன்னு மூணு முழுக்குப் போட்டுச்சு! இன்னொண்ணு, மேலாத்துல இருந்து வந்தது, ஒரே ஒரு கெண்டையைக் கவ்விடுச்சு. மத்ததெல்லாம் பஞ்சாயத்துக் கூட்டி, நெத்தி நாமத்தை அழிச்சு, ஊரைவிட்டே தள்ளி வச்சிடுச்சுங்க.”

“முதலைக்கு நாமமா?”

“பொறவியிலயே இருக்குமுங்க.”

குமுதவல்லி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு கால் பரிசலின் விளிம்பைத் தொட்டது. அப்படியே நின்றாள்.

“ஏங்க, இன்னிக்கு என்ன தேதி?”

“ஐப்பசி ஒண்ணு,” என்றேன். தெரிந்த விடையைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

“வர்ற வழியில கறிக்கடை வாசல்ல நின்ன கூட்டத்தைப் பாத்தீங்கல்ல?” அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “மாசம் பூரா பாசி தின்ன வாய், இன்னிக்கு எதைத் தேடும்?”

சென்றாயன் திரும்பி ஆற்றைப் பார்த்தார்.

பாலம் வழியாக அக்கரைக்கு ஆறு கிலோமீட்டர். நடந்தே போனோம். பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு சென்றாயனும் கூடவே வந்தார்.