மலையைத் தாங்கிய ஒச்சப்பன்

சுரக்காப்பட்டியில் ஆண் பெண் அடங்கலாக யாருக்கும் மூளையில் பாரம் கிடையாது. அந்த ஊர் ஒச்சப்பனிடம் அவன் பெண்டாட்டி பவளாயி, "மாட்டுக்குத் தண்ணி காட்டுய்யா" என்றாள். அவன் வாளியை மாட்டின் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டிவிட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தான்.

"ஒனக்குப் பித்தம் தலைக்கேறிருச்சு. கருந்தூண் அருவியில போய்த் தலையைக் குடுத்துட்டு வா. அதுவரைக்கும் வீட்டுப்படி ஏறாதே!"

கூட்டாளிகள் சின்னப்பிச்சையும் மொக்கைச்சாமியும் துணைக்குக் கிளம்பினார்கள். ஒச்சப்பன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"தலையைக் குடுத்துட்டா, திரும்பி வர வழி எப்படிடா தெரியும்?"

"நாங்க கையைப் பிடிச்சுக் கூட்டியாறோம்" என்றான் சின்னப்பிச்சை.

"சரி, மீசையை எங்க வச்சுக்கிறது?"

அந்த மீசையை நினைத்து மொக்கைச்சாமி கொஞ்ச நேரம் அழுதான்.

அடிவாரத்து டீக்கடைக்காரர், "பாறை வழுக்கும், கீழே பார்த்து நடங்க" என்றார். அப்படியே நடந்தார்கள். மொக்கைச்சாமியின் மண்டை எதிலோ 'ணங்'கென்று மோதிய பிறகுதான் நிமிர்ந்தார்கள்.

எதிரே ஆறு பட்டை வைத்துச் செதுக்கினாற்போலக் கருங்கல் தூண்கள், பனை உயரத்துக்கு நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நடுவே அருவி கொட்டியது.

"மலை சாயாம இருக்க முட்டுக் குடுத்திருக்காங்க" என்றான் சின்னப்பிச்சை.

"அப்ப அது?" என்று கை நீட்டினான் மொக்கைச்சாமி.

அருவிக்கு அடியில் ஒரு தூண் முழங்கால் உயரத்தோடு ஒடிந்து கிடந்தது. மூவரும் திரும்பிக் கீழே பார்த்தார்கள். மலைக்குக் கீழேதான் சுரக்காப்பட்டி!

ஒச்சப்பனுக்குப் பவளாயி ஞாபகம் வந்தது. வாய்க்காரிதான். அதற்காக நசுங்கிச் சாகவா விடுவது? பாய்ந்து போய் ஒடிந்த தூண்மேல் ஏறி, இரண்டு கையையும் உயர்த்தி மலையைத் தாங்கிக்கொண்டான். தண்ணீர் உச்சந்தலையில் மொத்து மொத்தென்று மொத்தியது. தலையைக் கொடுக்க வந்ததே அவனுக்கு மறந்துபோனது.

சாயங்காலம் வனக்காவலர் வந்தார்.

"யோவ், நேரமாச்சு, வெளியே வாய்யா!"

"நான் வந்தா மலை விழுந்துரும் சார்."

அதட்டினார், கெஞ்சினார், தொண்டை கட்டிக்கொண்டது. கடைசியில் பாறையில் ஒரு கையை ஊன்றி, "சரி, நான் பிடிச்சுக்கிறேன். நீ போய்த் தொலை" என்றார்.

வாசலில் நின்றபடியே ஒச்சப்பன் வந்து சொன்னதையெல்லாம் கேட்ட பவளாயிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்தப் புண்ணியவான் எந்தக் கையால பிடிச்சிருக்காரு?"

"சோத்துக் கையால."

"அடப் பாவி மனுஷா! அப்ப அவரு எப்படிச் சாப்பிடுவாரு?"

சுரக்காப்பட்டியே சோற்றுச் சட்டியோடு மலையேறியது, காவலருக்கு ஊட்டிவிட.