ராஜா குனியாத தோட்டம்

பனிக்குன்றூர் ராஜா தாண்டவராயருக்கு ஜம்பம் பெரிசு, தலை மட்டும் சின்னது. தாத்தா விட்டுப்போன கிரீடமோ அண்டா மாதிரி. லேசாகக் குனிந்தால் போதும், தொப்பென்று விழுந்துவிடும். அதனால் அவர் குனிவதே இல்லை. "எங்கள் ராஜா யாருக்கும் தலைவணங்கமாட்டார்" என்று ஊரே பெருமையடித்துக்கொண்டது. அசல் காரணம் அரண்மனை விகடன் மாசிலாமணிக்குத் தெரியும். வாயைத் திறப்பானா? அவனுக்கும் தலை வேண்டுமே!

அரண்மனைப் பாறைத் தோட்டத்தில் தோட்டக்காரர் பொம்மையா 'மறவாதே' என்றொரு செடி வளர்த்தார். வடக்கே பனிமலையில் முளைப்பது. கல்லிடுக்கில் தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கும். விரல் உயரம் தாண்டாது. பூவோ குட்டிக் குட்டி நீலம், அப்படியொரு அழகு!

ஒருநாள் ராஜா அதை மோந்து பார்க்கும் ஆசையை அடக்கமுடியாமல் குனிந்துவிட்டார். தொப்! கிரீடம் விழுந்து ஒரு கொத்துப் பூவை நசுக்கியது. கூட வந்த ராணிமார் களுக்கென்று சிரித்தார்கள். ராஜாவுக்கு வந்ததே கோபம்!

"ஏய் பொம்மையா! பௌர்ணமிக்குள் இந்தப் பூ என் மூக்குக்கு நேரே வரவேண்டும். வராவிட்டால் நாட்டைவிட்டே ஓடிப்போ!"

பொம்மையா மாசிலாமணியிடம் வந்து ஓவென்று அழுதார். "சாமி, இது என்ன தென்னையா? உரம் போட்டால் அழுகும், தண்ணீர் கூடினால் சாகும். பிள்ளைகுட்டியோடு நான் எங்கே போவேன்?"

மாசிலாமணிக்கு மனசு கேட்கவில்லை. பாவம், செடியும் நல்லது, மனுஷனும் நல்லவர். "அழாதீர் ஐயா. மண்வெட்டி இருக்கிறதா?" என்றான்.

பௌர்ணமியன்று ராஜாவைப் பாறைப்பக்கம் அழைத்துப்போனான். "இந்தப் படியில் இறங்குங்கள், மகாராஜா. இன்னும் கொஞ்சம். ஆங், நில்லுங்கள்!"

ராஜா பார்த்தார். மூக்குக்கு நேரே நீலப்பூ! அப்புறம் சுற்றிலும் பார்த்தார். கழுத்தளவு பள்ளம்.

"அடப்பாவி! என்னையே குழியில் இறக்கிவிட்டாயே!"

"பூ மூக்குக்கு நேரே வரவேண்டும் என்பதுதானே உத்தரவு? செடி வளரவும் இல்லை, நீங்கள் குனியவும் இல்லை."

ராஜாவுக்குக் கோபம் வரப்பார்த்தது, சிரிப்பு முந்திக்கொண்டது. தலையைப் பின்னால் சாய்த்து ஹஹ்ஹஹ்ஹா என்று சிரித்தார். தொப்! இந்தத் தடவை கிரீடம் முதுகுப்பக்கம் விழுந்தது.

"போச்சுடா! சரி, பொம்மையா இங்கேயே இருக்கட்டும். உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

மாசிலாமணி கிரீடத்தை எடுத்துத் தூசி தட்டினான். "இதுதான், மகாராஜா."

"என் சிம்மாசனத்துக்கே குறிவைக்கிறாயா?"

"ஐயையோ, எனக்கில்லை, பொம்மையாவுக்கு! பாருங்கள், சித்திரவேலை முழுக்க ஓட்டை. சொட்டுத் தண்ணீர் தேங்காது. மறவாதேச் செடிக்கு இதைவிட நல்ல தொட்டி எங்கே கிடைக்கும்? உங்களுக்கு இறுக்கமாக ஒரு தலைப்பாகை கட்டிவிடுகிறோம்."

அப்படியே நடந்தது. கிரீடத்தில் நீலப்பூ பூத்தது. தலைப்பாகை கட்டிய ராஜா முதல் வேலையாகக் குனிந்து, ஆசைதீர மோந்து பார்த்தார். பெரிய தும்மல் வந்தது. அரண்மனையே அதிர்ந்தது.

தலைப்பாகை அசையவே இல்லை!