ஐந்நூறு வாட் அண்ணாச்சி

சங்கரபாண்டி அண்ணாச்சி மைக்செட் வைத்திருந்த காலத்தில், கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவர் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று ஒரு தடவை சொன்னால் போதும். மேலே பறக்கும் கொக்குக் கூட்டம் வரிசை கலைந்து, கோவில்பட்டிக்குப் போக வேண்டியது சாத்தூரில் போய் இறங்கும். கொக்குகளே சொன்ன தகவல்.

வயதானபின் தொழிலை மகனிடம் விட்டுவிட்டு, ஸ்பீக்கர் செய்யப் படிக்கிறேன் என்று தில்லைநாயகியிடம் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. வீட்டில் வைத்துப் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர்களைப் பெரிய மரப்புனல் வைத்துச் செய்வாள். மற்ற ஸ்பீக்கர்கள் கண் விழிக்கக்கூடப் போதாத மின்சாரத்தில் அவளுடையது முழுப் பாட்டையும் பாடி முடித்துவிடும். ஒயர் மேல் எறும்பு ஊர்ந்தால், எந்தக் கால் நொண்டி என்று சொல்லிவிடும்.

அண்ணாச்சி அவளை டீச்சரம்மா என்பார். அவளிடம் படித்து, தன் கையாலேயே ஒரு ஜோடி செய்து வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி மரகதத்துக்காகச் செய்தது. ஊர் ஊராகக் கொடைக்குப் போனவர், கல்யாணமான நாளிலிருந்து அவளோடு உட்கார்ந்து ஒரு பாட்டை முழுசாகக் கேட்டதில்லை.

சீக்கிரமே திரும்பி வந்தார். முகம் தொங்கியிருந்தது.

"டீச்சரம்மா, நான் பாட்டுப் போட்டா மரகதம் முக்காலியத் தூக்கிட்டுக் கொல்லைக்குப் போயிர்றா."

"எதுல போடுறீங்க?"

"நம்ம பழைய ஆம்ப்ளிஃபயர்தான். ஐந்நூறு வாட்."

"சத்தம் எவ்வளவு வைப்பீங்க?"

"எங்க வைக்க? சத்தம் கூட்டுற நாப நகத்தால தொட்டாலே கூரை மோட்டுல இருக்க பல்லி விழுது. தொட்டும் தொடாமத்தான் வச்சிருக்கேன்."

"அக்கா என்ன சொல்றாங்க?"

"இரையுதுங்கிறா. எனக்கு ஒண்ணும் இரையல. கொடையில சத்தம் கரகரன்னா இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர் போடுவோம், சுத்தமாயிரும். அதான் ஆயிரம் வாட் ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். அதுக்கும் அவ வரலைன்னா, எங்கூட உக்காரவே பிடிக்கலன்னுதானே அர்த்தம்?"

தில்லைநாயகி சோற்று வாளி அளவு இருந்த ஒரு பெட்டியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, அவர் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வீட்டில் நுழைந்ததும் சொன்னாள்: "பாட்டு வேண்டாம். ஸ்விட்ச மட்டும் போடுங்க."

போட்டார்.

"என்ன கேக்குது அண்ணாச்சி?"

"ஒண்ணும் கேக்கல."

கொல்லை வாசலில் நின்றிருந்த மரகதத்திடம் திரும்பினாள். "அக்கா, உங்களுக்கு?"

"ஈரச் சட்டிய அடுப்புல வச்ச மாதிரி உஸ்ஸுனு இரைஞ்சுக்கிட்டே கெடக்கு. பாட்டு ஓடும்போதும் பின்னாலயே வருது. இவரு காது கொடையோட கொடையா போயிருச்சு, சொன்னா ஒத்துக்கிட மாட்டாரு!"

அண்ணாச்சி மரப்புனலுக்குள் தலையையே நுழைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. ஊரையே கேட்க வைத்தவர் வீட்டில், அவருக்குக் கேட்காத ஒரு சத்தம் இருந்தது.

"ஆம்ப்ளிஃபயர்னா கொஞ்சம் இரையத்தான் செய்யும்," என்றாள் தில்லைநாயகி. "கொடைக் கூட்டத்துல அது யாருக்குக் கேக்கும்? இந்த ஸ்பீக்கர் ரகசியம் காக்காது. உள்ள போறது எதுவானாலும் பெருசாச் சொல்லிரும்."

ஒயரைக் கழற்றி, மஞ்சள் பையிலிருந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் மாட்டினாள்.

"இது எத்தனை வாட்?"

"ரெண்டு."

"ரெண்டு நூறா?"

"வெறும் ரெண்டு."

"டீச்சரம்மா, இதுல ஒரு கொசு சாகுமா?"

"எதுக்குச் சாகணும்?"

பழைய பாட்டு ஒன்றைப் போட்டாள். பாடுகிறவள் மூச்சு எடுப்பதுவரை கூடத்துக்கு வந்தது. அண்ணாச்சி முகத்தைச் சுளித்தபடி உட்கார்ந்திருந்தார். கொக்குகளைத் திருப்பியவருக்கு இதெல்லாம் ஒரு சத்தமா?

பாட்டு முடிந்தது. அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு சின்ன இடைவெளி. அதில் எதுவும் இரையவில்லை. அந்த இடைவெளியில், கொல்லைப் பக்கமிருந்து முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

மரகதம் முருங்கைக் கீரையோடு வந்து, அவருக்கு ஒரு கை தள்ளி முக்காலியைப் போட்டாள். யாரையும் பார்க்கவில்லை. உட்கார்ந்து கீரை உருவினாள். பாட்டு பாதி போனதும், வாய் திறக்காமல் கூடவே முனகினாள். பிறகு வாய் திறந்தே பாடினாள், அவளுக்குத் தெரிந்த அளவில்.

அண்ணாச்சி அவளையே பார்த்தார். அவள் பாடுவாள் என்று அவருக்குத் தெரியாது.

சந்தோஷம் வந்தால் அவர் கை சும்மா இருக்காது. கொடையில் கூட்டம் கைதட்டினால் எங்கே போகுமோ அங்கே போயிற்று, நாபுக்கு.

"டீச்சரம்மா, லேசாக் கூட்டட்டுமா?"

"தாராளமா. அக்கா குரலையும் சேர்த்துக் கூட்டத் தெரிஞ்சா கூட்டுங்க."

அண்ணாச்சி நாபிலிருந்து கையை எடுத்தார். குனிந்து, மரகதத்தின் மடியிலிருந்து ஒரு கொத்துக் கீரையை எடுத்து, சத்தமில்லாமல் உருவத் தொடங்கினார்.